குளத்தூர்க் கம்பமும் குமரி மாவட்டமும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் வானொலி வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக 1984 அக்டோபர் 30ஆம் தேதியிலிருந்து தொடங்குகிறார்கள். இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அன்றுதான் நாகர்கோவிலில் தொடங்கப்பட்டது. பெரிய நகரங்களை விட்டுவிட்டு நாட்டின் தென்கோடி மாவட்டம் ஒன்றுக்கு அந்த முதலிடம் கிடைத்ததில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்றும் பெருமை உண்டு, அது நியாயமான பெருமையும்கூட. ஆனால் அந்த நாளில் இம்மாவட்டத்து மக்கள் வானொலி கேட்கத் தொடங்கி 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதுவரை அவர்கள் கேட்டவையெல்லாம் மத்திய அலை (மீடியம் வேவ்) நிலையங்கள். வடமேற்கே திருவனந்தபுரம், வடகிழக்கே திருநெல்வேலி, கடலுக்கு அப்பால் கொழும்பு என்று மூன்று பக்கமிருந்தும் வந்த குரல்களைக் கொண்டே இந்த மாவட்டம் தன் காலைகளையும் மாலைகளையும் ஓட்டியது. அவற்றுள் மூத்ததும், நீண்டகாலம் 'நம்முடைய நிலையம்' என்று கருதப்பட்டதும் திருவனந்தபுரம் நிலையம். அதைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. மாநில எல்லைக்கு அப்பால் நிற்பதால் அது மலையாளிகளின் கதையாகவே போய்விட்டது.

திருவிதாங்கூர் அரசு தன் வானொலி நிலையத்தை 1943 மார்ச் 12ஆம் தேதி தொடங்கியது. மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மா அதைத் திறந்துவைத்தார். நகருக்கு வெளியே குளத்தூரில் 5 கிலோவாட் திறன் கொண்ட மத்திய அலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த காலம் அது. அகில இந்திய வானொலி 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சிராப்பள்ளியிலும் நிலையங்களைத் தொடங்கியிருந்தது என்றாலும், அவை பிரிட்டிஷ் இந்தியாவின் நிலையங்கள். சமஸ்தானங்கள் தங்களுக்கென்று தனியாக நிலையம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சுதந்திரத்தின்போது இந்திய ஒன்றியத்துக்கு வந்து சேர்ந்த அகில இந்திய வானொலி நிலையங்கள் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, திருச்சி, லக்னோ என்னும் ஆறுதான். மைசூர், ஹைதராபாத், ஔரங்காபாத், பரோடா, திருவிதாங்கூர் ஆகிய ஐந்தும் சமஸ்தான நிலையங்கள். இவற்றில் மைசூர் நிலையத்தின் பெயர்தான் 'ஆகாசவாணி'. பிறகு நாடு முழுவதற்கும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

அன்று தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் திருவிதாங்கூரின் தாலுகாக்கள். ஆகவே குளத்தூர்க் கம்பத்திலிருந்து புறப்பட்ட அலை தன் நாட்டுக் குடிகளைத்தான் வந்தடைந்தது. அந்தக் குடிகளில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. வால்வுகள் பொருத்திய பெரிய மரப்பெட்டி, வீட்டுக்கு மின்சாரம் அல்லது கனத்த மின்கலம், கூரைக்கு மேலே இரண்டு கழிகளுக்கு நடுவில் இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பி, இவை போதாதென்று ஆண்டுதோறும் உரிமக் கட்டணம். அஞ்சல் நிலையத்தில் பணம் கட்டி, சிறு புத்தகம் ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் புத்தகம் இல்லாமல் பெட்டி வைத்திருப்பது குற்றம் என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவதில்லை. வக்கீல், மருத்துவர், தோட்டக்காரர், பாதிரியார் என்று ஊருக்கு ஒன்றிரண்டு வீடுகளில் மட்டுமே வானொலி இருந்தது. மற்றவர்கள் அந்த வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

1950 ஏப்ரல் 1ஆம் தேதி திருவிதாங்கூர் வானொலி அகில இந்திய வானொலியோடு இணைக்கப்பட்டது. திருவனந்தபுரம் நிலையம் இன்று இயங்கும் பக்தி விலாஸ் மாளிகை, ஒருகாலத்தில் திவான் சர் சி.பி. ராமசாமி அய்யரின் அதிகாரபூர்வ இல்லமாக இருந்தது. சமஸ்தானத்தைத் தனிநாடாக்க முயன்று, 1947 ஜூலையில் வெட்டுப்பட்டு, ஊரை விட்டே போனவர் அவர். அவர் ஆணைகள் பிறப்பித்த வீட்டிலிருந்து பிறகு நெல்லுக்கு எப்போது உரமிடுவது என்று உழவர்களுக்குச் சொல்லப்பட்டது. இப்படிப்பட்ட மாற்றங்களை வரலாறு ஒன்றும் சொல்லாமல் செய்துவிட்டுப் போய்விடுகிறது.

அடுத்து வந்த ஆறாண்டுகள் தமிழர் பகுதிகளைத் தாய்த்தமிழகத்தோடு சேர்க்கும் போராட்டத்தின் ஆண்டுகள். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், அதன் தலைவர் நேசமணி, 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் நடந்த துப்பாக்கிச் சூடு ஆகியவற்றை இம்மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. அரசு அலுவலகங்களின் மொழி மாறியது, பாடப்புத்தகங்கள் மாறின, வழக்குகள் போகும் உயர் நீதிமன்றம் மாறியது, கோரிக்கை மனுக்கள் போகும் தலைநகரமும் 70 கிலோமீட்டரிலிருந்து 700 கிலோமீட்டருக்குத் தள்ளிப் போனது. வானொலி மட்டும் மாறவில்லை. களியக்காவிளையில் புதிதாக வந்த எல்லையை மத்திய அலை கண்டுகொள்ளவில்லை. அதன்பின் ஏழாண்டுகள் இம்மாவட்டத்துக்கு அருகில் இருந்த ஒரே இந்திய நிலையம், அது விட்டுப் பிரிந்து வந்த தலைநகரத்தின் நிலையமாகவே இருந்தது. பழைய திருவிதாங்கூரில் எல்லைக்கோடு விழாமல் கடைசிவரை மிஞ்சியது இந்த ஒலிபரப்பு ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இதை மொழிப்பற்றின் குறைவு என்று யாரேனும் எண்ணினால் அவர்கள் கல்குளத்தையும் விளவங்கோட்டையும் அறியாதவர்கள். அங்கே சாயக்கடையில் பேசும் தமிழில் பாதிச் சொற்கள் மலையாளத்துக்கும் பொதுவானவை. போராடித் தமிழ்நாட்டில் சேர்ந்த அதே மனிதர் மாலையில் திருவனந்தபுரம் நிலையத்தின் 'வயலும் வீடும்' கேட்டதில் முரண் ஏதும் இல்லை. மேலும், அந்த நிகழ்ச்சி சொன்ன வானிலை அவருடைய வானிலை. தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்க, குமரியின் மேற்குத் தாலுகாக்களில் ஜூன் மாதமே தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடுகிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் பார்க்கும் நிலம் இது. ரப்பர், மரச்சீனி, நல்லமிளகு பற்றிய பேச்சுக்குத் திருச்சியிலோ சென்னையிலோ என்ன வேலை? அவை குளத்தூர் அலையில்தான் வந்தன.

திருநெல்வேலி நிலையம் 1963 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கியது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரமும் திருநெல்வேலியும் ஏறத்தாழச் சம தூரந்தான். ஆனால் திருநெல்வேலிக்கும் கல்குளத்துக்கும் நடுவில் 1,600 மீட்டருக்கு மேல் உயர்ந்த மகேந்திரகிரியும் அதன் தொடர்களும் நிற்கின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று வருவதுபோல அலையும் தோவாளைக்கும் நாகர்கோவிலுக்கும் தாராளமாக வந்தது. குலசேகரம் பக்கம் மலையடிவாரத்தில் சற்று மெலிந்தே வந்தது. மத்திய அலையின் நீளம் 200 மீட்டருக்கும் மேல் என்பதால் அது குன்றுகளின் மீது வளைந்து இறங்கிவிடும், முற்றாக மறைந்துவிடாது. வறண்ட பாறைத் தரை அதை விழுங்கும். ஈர மண் அவ்வளவாக விழுங்காது. உப்புநீர் ஏறக்குறைய விழுங்குவதே இல்லை. கடைசியாகச் சொன்ன இந்தக் குணத்துக்குப் பின்னால் வருகிறேன்.

இந்த நிலையங்களின் எண்களை எங்கள் தலைமுறை வீட்டு முகவரியைப் போல மனப்பாடம் செய்திருந்தது. திருவனந்தபுரம் 1161 கிலோஹெர்ட்ஸ், திருநெல்வேலி 1197 கிலோஹெர்ட்ஸ். அறிவிப்பாளர்கள் மீட்டர் கணக்கையும் சேர்த்துச் சொல்வார்கள்: முதலாவது 258.4 மீட்டர், இரண்டாவது 250.6 மீட்டர். 1978 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு ஒப்பந்தத்தின்படி ஆசிய, ஐரோப்பிய, ஆப்பிரிக்க நாடுகளின் மத்திய அலை நிலையங்கள் ஒன்பதின் மடங்காக அமைந்த எண்களுக்கு மாறின. இரண்டு எண்களையும் ஒன்பதால் வகுத்துப் பார்க்கலாம், மீதி வராது. ஒலிபரப்புக் கம்பத்தின் உயரமும் இந்த நீளத்திலிருந்தே பிறக்கிறது. கால் அலை நீளம் என்பது பொதுவான கணக்கு, ஆகவே ஏறத்தாழ 65 மீட்டர். அந்தக் கம்பமே ஏரியல். மின்காப்புப் பீங்கான் ஒன்றின் மேல் அது தரையைத் தொடாமல் நிற்கும். அதன் அடியிலிருந்து எல்லாத் திசைகளிலும் செப்புக் கம்பிகள் மண்ணுக்குள் புதைக்கப்பட்டிருக்கும். வெளியே தெரியும் கம்பத்தைவிட மண்ணுக்குள் கிடக்கும் இந்தக் கம்பி வலைதான் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒலிபரப்பு வளாகங்கள் பல ஏக்கர் வெற்று நிலமாகக் கிடப்பதன் காரணம் அதுவே.

1960களில் டிரான்சிஸ்டர் பெட்டிகள் வந்தபோது ஏரியல் கம்பியும் மின்சாரமும் தேவையற்றுப் போயின. பெட்டிக்குள்ளேயே விரல் பருமனுள்ள ஃபெரைட் தண்டு ஒன்றில் மெல்லிய கம்பி சுற்றப்பட்டிருந்தது. இந்தத் தண்டுக்கு ஒரு விசித்திரமான இயல்பு உண்டு. தன் பக்கவாட்டிலிருந்து வரும் அலையை நன்றாக வாங்கிக்கொள்ளும், தன் முனையின் நேர்கோட்டிலிருந்து வரும் அலையை ஏறக்குறைய வாங்கவே வாங்காது. எனவே பெட்டியின் முகம் நிலையத்தின் திசையைப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஒரு கோடும் திருநெல்வேலிக்கு ஒரு கோடும் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய செங்கோணம் இருக்கும். அதாவது திருவனந்தபுரம் தெளிவாகக் கேட்கும்படி வைத்த பெட்டியில் திருநெல்வேலி மிகவும் மெலியும். பெட்டியைக் கால்வட்டம் திருப்பினால் நிலைமை தலைகீழாகும். இதைவிட அழகானது மூன்றாவது கோடு. கொழும்புக்குக் கோடு போட்டால் அது திருவனந்தபுரம் கோட்டின் மறுமுனையாகவே நீளும். ஆகவே திருவனந்தபுரத்துக்காக வைத்த பெட்டியில் முள்ளை மட்டும் நகர்த்தினால் கொழும்பு வந்துவிடும். ஃபெரைட் என்ற பேரே கேள்விப்படாத ஆச்சிமார் இந்த நிலவியலைக் கைப்பழக்கமாக அறிந்திருந்தார்கள்.

தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டில் வானொலி அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. காலை 6.55க்குச் சமஸ்கிருதச் செய்தி. பலதேவானந்த சாகரரின் குரலை, பொருள் புரியாமலே, வீட்டில் எல்லோரும் ஒப்பிப்போம். 7.15க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி, அதைத் திருநெல்வேலி அஞ்சல் செய்யும்; 'வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி' என்ற குரலோடு அப்பா முகம் மழிக்கத் தொடங்குவார். 7.25க்கு டெல்லியிலிருந்து மலையாளச் செய்தி, அது திருவனந்தபுரத்தில் வரும். தமிழ்ச் செய்தி முடிந்ததும் பெட்டியைக் கால்வட்டம் திருப்பி முள்ளை ஒரு நூல் நகர்த்தினால் 'வார்த்தகள் வாயிக்குன்னது கோபன்' என்று கேட்கும். ஒரே டெல்லி, ஒரே நாளின் செய்திகள், ஆனால் தமிழ் அறிக்கையில் காவிரியும் மலையாள அறிக்கையில் கேரள அமைச்சரவையும் முந்திக்கொண்டு வரும். இரண்டையும் கேட்டவர்களுக்குச் செய்தி என்பது யார் எங்கிருந்து சொல்கிறார்கள் என்பதையும் பொறுத்தது என்னும் ஞானம் தானாகவே வாய்த்தது. பிற்பாடு திருவனந்தபுரம் ராமச்சந்திரனின் 'கௌதுக வார்த்தகள்' கேட்பதற்காகவே பெட்டியைத் திருப்பியவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். செய்தி வாசிப்பை ஏறக்குறைய நடிப்பாகவே மாற்றியவர் அவர்.

கொழும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே வானொலி 1925 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. 1967இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதி அகில இந்திய வானொலியில் அவற்றைக் குறைத்தபோது, இந்தியா முழுவதிலும் நேயர்கள் இலங்கைக்குத் திரும்பினார்கள். அதற்கு மாற்றாக 1957 அக்டோபர் 3ஆம் தேதி விவித பாரதி தொடங்கப்பட்டது. இலங்கைக்குத் தொலைவிலிருந்த மாவட்டங்களில் அந்த வானொலியைக் கேட்க இருட்ட வேண்டும், அல்லது சிற்றலையை (ஷார்ட் வேவ்) நாட வேண்டும். பகலில் வானத்தின் கீழடுக்கு ஒன்று மத்திய அலையை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்து, மேலடுக்குகளில் பட்டுத் தெறித்து அலை தொலைதூரம் போய் விழுகிறது. இரவில் எண்ணற்ற நிலையங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து கரகரப்பது இதனால்தான். குமரிக்கு இந்தக் காத்திருப்பு தேவைப்படவில்லை. கன்னியாகுமரிக்கும் கொழும்புக்கும் இடையில் 300 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம், அதில் பெரும்பகுதி உப்புநீர். பட்டப்பகலில் அங்கத்திய அறிவிப்பாளர்களான கே.எஸ். ராஜாவின் குரலும், பி.எச். அப்துல் ஹமீதின் குரலும், ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலும் பக்கத்து ஊரிலிருந்து பேசுவதுபோல வந்தன. காலை 'பொங்கும் பூம்புனல்' நேரத்தில் செய்தியா பாட்டா என்று வீடுகளில் நடந்த சண்டைகள் தனிக் கட்டுரைக்கு உரியவை.

புத்தளத்திலிருந்து 882 கிலோஹெர்ட்ஸில் வந்த டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவையும் விட்டுவிட முடியாது. 400 கிலோவாட் திறன் கொண்ட அந்த ஒலிபரப்பி, கன்னியாகுமரிக்கு நேர் கிழக்கே, ஏறக்குறைய அதே அட்சரேகையில் நின்றது. மாலையில் வந்த அதன் கிறிஸ்தவத் தமிழ் நிகழ்ச்சிகளைச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீடுகளில் குடும்ப ஜெபத்துக்கு முன் கேட்பார்கள். கத்தோலிக்க வீடுகள் சிற்றலையில் மணிலாவின் வேரித்தாஸ் வானொலியைத் தேடின. அது வேறு கதை.

1984க்கு வருவோம். நாகர்கோவில் நிலையம் வந்தபிறகுதான் இம்மாவட்டத்தின் பேச்சு, இம்மாவட்டத்தின் பேச்சாகவே வானொலியில் ஒலித்தது. அறிவிப்பாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு கிராமங்களுக்குப் போய், வயலில் நிற்பவரையும் வலை பின்னுபவரையும் பேசவைத்து, அந்தப் பேச்சை அந்த ஊருக்கே ஒலிபரப்பலாம் என்பதுதான் உள்ளூர் வானொலி என்ற எண்ணத்தின் சாரம். திருநெல்வேலியில் வெளுத்துக் கட்டிய தமிழும் திருவனந்தபுரத்தில் செம்மையான மலையாளமும் கேட்டுப் பழகிய காதுகளுக்கு, 'எந்தா மக்களே' என்று தொடங்கும் பேச்சு வானொலியில் வரலாம் என்பது சின்ன விஷயமன்று. இங்கே நடந்த சோதனை பிறகு நாடெங்கும் பல மாவட்டங்களுக்குப் போனது.

நாகர்கோவிலில் கோணம் என்னும் இடத்தில் இருக்கும் அந்த நிலையம் இன்று பண்பலை 101 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பண்பலையின் ஒலி துல்லியமானது, இடி மின்னல் அதைத் தொடாது. ஆனால் அது நேர்கோட்டில் போகிற அலை. பூமியின் வளைவைத் தாண்டி அதிக தூரம் இறங்காது. 100 மீட்டர் உயரக் கம்பம் ஒன்றிலிருந்து அதன் அடிவானம் 40 கிலோமீட்டர் சொச்சம். கேட்பவரின் ஏரியல் படகில் சில மீட்டர் உயரத்தில் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். கரையில் வாழ்பவருக்கு இது போதும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு இது போதவே போதாது. அவர்கள் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நிற்பவர்கள். உப்புநீர் மத்திய அலையை விழுங்குவதில்லை என்று மேலே சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டும். 20 கிலோவாட் மத்திய அலை நிலையம் நிலத்தில் எட்டுவதைவிட மிகத் தொலைவுக்குக் கடலில் எட்டும். அதைக் கேட்கச் சில நூறு ரூபாய் பெட்டியும் இரண்டு மின்கலங்களும் போதும்.

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் குமரிமுனைக்கு அருகே உருவாகி எங்கள் மாவட்டத்தைத் தாக்கியது. புயல் என்ற அறிவிப்பு வந்ததே அன்றுதான். ஆழ்கடல் படகுகள் அதற்குப் பல நாட்கள் முன்பே கிளம்பியிருந்தன. கைப்பேசி எட்டாது, படகுகளில் பேசிக்கொள்ளப் பயன்படும் விஎச்எஃப் வானொலிக் கருவிகளும் குறுகிய தூரத்துக்கே பயன்படும். அந்த நாட்களில் மத்திய அலையில் விடாமல் எச்சரிக்கை சொல்லியிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அறிவிப்பே தாமதமாக வந்தபோது அலையைக் குறை சொல்லிப் பயனில்லை, 370 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் படகு ஓர் இரவில் கரை சேரவும் முடியாது. ஆனால் தொலைவில் நின்ற படகுகள் புயலின் பாதையை விட்டு எந்தப் பக்கம் விலகுவது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்திருக்கும். அதற்குப் பின் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் படகுகளுக்கு வரத் தொடங்கியிருக்கின்றன, அது நல்லது. அவை ஒரு படகுக்கு ஒரு கருவி என்ற கணக்கு. வானொலி ஒரே நேரத்தில் கடல் முழுவதற்கும் சொல்லும்.

கடந்த சில ஆண்டுகளில் நாடெங்கும் மத்திய அலை ஒலிபரப்பிகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்படுகின்றன. சொல்லப்படும் காரணங்கள் பொய்யல்ல. கைப்பேசியில் மத்திய அலை வராது, ஏனெனில் அதற்கு வேண்டிய ஃபெரைட் தண்டுக்கு அந்தத் தகட்டில் இடமில்லை. எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் எழுப்பும் இரைச்சலில் நகரத்து வீடுகளில் 1161ஐயும் 1197ஐயும் கேட்பது கடினமாகிவிட்டது. மின்கட்டணம் அதிகம், வால்வு ஒலிபரப்பிகளின் உதிரிப்பாகங்கள் அரிது. இவற்றோடு வெளியே அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன், அது நிலம். செப்புக் கம்பிகள் புதைந்த அந்த வெற்று ஏக்கர்கள் இன்று நகரங்களின் நடுவில் இருக்கின்றன. குளத்தூரே திருவனந்தபுரத்தின் தகவல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க்கை ஒட்டிய பகுதியாகிவிட்டது. 1943இல் ஊருக்கு வெளியே என்று தேர்ந்தெடுத்த இடம் அது.

இந்தக் காரணங்கள் எல்லாம் நிலத்தில் வாழ்பவரை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. கடலில் எல்இடி விளக்கு இரைச்சல் இல்லை, கைப்பேசிக் கோபுரமும் இல்லை. தூத்துக்குடியில் இலங்கையை நோக்கிய ஒலிபரப்புக்காக 200 கிலோவாட் திறனில் 1053 கிலோஹெர்ட்ஸில் ஓர் ஒலிபரப்பி நிறுவப்பட்டது. மன்னார் வளைகுடாவை நிரப்ப அதுவே போதும். மேற்குக் கடலுக்குத் திருவனந்தபுரம் போதும். இரண்டிலும் நாளுக்கு நான்கு முறை, மாறாத நேரத்தில், தமிழிலும் மலையாளத்திலும் கடல் வானிலையும் காற்றின் திசையும் அலையின் உயரமும் சொல்லும் பத்து நிமிட அறிக்கை வேண்டும். தூத்தூர் படகுகள் கொச்சியிலிருந்தும் கிளம்புகின்றன, அவற்றில் இரண்டு மொழிக்காரர்களும் வேலை செய்கிறார்கள், ஆகவே எந்த மாநிலம் எந்த மொழியில் சொல்ல வேண்டும் என்ற வழக்கு இதில் எழ வேண்டியதில்லை. மத்திய அலையை நிறுத்துவதற்கான கணக்கைப் போடுகிறவர்கள், நேயர் எண்ணிக்கையை வீடுவீடாக எடுக்கும்போது துறைமுகங்களுக்கும் போய்ப் படகோட்டிகளிடம் கேட்டுவிட்டு அந்தக் கணக்கை முடிக்கட்டும்.